காலை ஆறு மணி இங்கிலீஷ்

அந்த ரேடியோ எங்களுடையது அல்ல. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் எழுபத்து மூன்று நாள் நானும் அம்மாவும் ஏன் அப்படிப் பயந்து பயந்து இங்கிலீஷ் கேட்டோம் என்பது புரியாது.

அறுபதை எட்டிவிட்ட என் வயதுக்காரர்களுக்கு இதை எழுதுகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போது காதில் எதையோ செருகிக்கொண்டு எரிமலை, பனிக்கண்டம், கடலடி என்று இங்கிலீஷில் கதை கேட்கிறார்கள். "கேட்டுட்டே இருந்தா தானா வந்துரும்" என்று என் பேத்தி எனக்கே பாடம் சொல்கிறாள். வரும்தான். எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அது எப்படி வந்தது என்பதைத் தேதி பிசகாமல் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. தேதிகளைப் பழைய பஞ்சாங்கத்தோடு ஒத்துப்பார்த்துவிட்டேன்.

கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே, ரிஷிவந்தியம் போகும் வழியில் எங்கள் ஊர். அப்போது தென்னாற்காடு மாவட்டம். கல்வராயன் மலையில் பெய்யும் மழை அடிவாரத்து அணையில் தேங்கி, ஆற்றில் இறங்கி, வாய்க்கால் வழியாக எங்கள் ஏரிக்கு வரும். அப்பா அந்த ஏரிக்கு நீர்க்கட்டி. மதகைத் திறப்பதும் அடைப்பதும், யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை வைப்பதும், மழைக்காலத்தில் கரையைக் காப்பதும் நீர்க்கட்டியின் வேலை. எங்களுக்கென்று ஒரு காணி நிலம் கிடையாது. ஆனால் தண்ணீர் விஷயத்தில் அப்பா சொன்னால் சொன்னதுதான்.

மழைச் செய்தியும் அணை நிலவரமும் தெரிய வேண்டும் என்பதற்காக ஏரிப் பாசனக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து வாங்கிக் கொடுத்ததுதான் அந்த ரேடியோ. பழுப்புநிறத் தோலுறை போட்டது. உறையில் சின்னச் சின்ன ஓட்டைகள். அதில் மூக்கை வைத்தால் புதுச் செருப்பு வாசனை வரும். நான்கு கட்டை பேட்டரி. காலை ஆறே முக்காலுக்கு மாநிலச் செய்தி, மாலையில் ஒரு முறை. அவ்வளவுதான் அது பேசலாம். சினிமாப் பாட்டுகூடக் கிடையாது. அப்பாவைத் தவிர யாரும் அதன் குமிழைத் தொடக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு.

அம்மா பால்வாடியில் ஆயாவாக இருந்தாள். குழந்தைகளைக் கூட்டிவருவது, கஞ்சி காய்ச்சுவது, கால் கழுவிவிடுவது. எங்கள் பக்கம் ஆயா என்றால் பாட்டி. முப்பத்து நான்கு வயதில் ஊருக்கே பாட்டியாகிவிட்டதாக அவளே சொல்லிச் சிரிப்பாள். எஸ்.எஸ்.எல்.சி.யில் மற்ற எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தாள். இங்கிலீஷில் மட்டும் மூன்று முறை தவறினாள். இங்கிலீஷ் தேறிவிட்டால் பால்வாடி டீச்சர் வேலைக்கு மனுப் போடலாம். ஆனால் அதற்கான வயது வரம்பு அடுத்த வைகாசியோடு அவளுக்கு முடிகிறது. மார்ச்சில் எழுதினால் முடிவு வருவதற்குள் வைகாசி போய்விடும். ஆகவே மிச்சம் இருந்தது ஒரே ஒரு பரீட்சை. ஐப்பசி முதல் தேதி, செவ்வாய்க்கிழமை.

"யாருக்குப் பேனா வாங்குற, பொண்ணுக்கா, உனக்கா?" என்று கடைவீதியில் கேட்பார்கள். அம்மா பேனாவை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வாள்.

நான் ஆறாம் வகுப்பு. வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே இங்கிலீஷ் துணை நான்தான். அந்த லட்சணத்தை நீங்களே யூகித்துக்கொள்ளலாம்.

ஆடி பதினெட்டு, புதன்கிழமை. ஆற்றங்கரைப் படையலுக்காக அப்பா விடியுமுன்பே ஊர்க்காரர்களோடு போய்விட்டார். போகும்போது அம்மாவிடம், "ஆறே முக்காலுக்கு நியூஸ் வெச்சி, அணையில எவ்ளோ தண்ணின்னு மட்டும் கேட்டு வை" என்றார். அன்றுதான் அம்மா முதன்முதலாக அந்தக் குமிழைத் தொட்டாள். நேரம் தவறிவிடுமோ என்று ஆறு மணிக்கே போட்டுவிட்டாள். கை பழகாததால் வேறு அலைவரிசைக்குப் போய்விட்டது. இரைச்சல், விசில், யாரோ சீனத்திலோ ரஷ்யனிலோ பேசுவது. பிறகு திடீரென்று ஓர் ஆணின் குரல்.

இங்கிலீஷ்தான். ஆனால் நாங்கள் அதுவரை கேட்ட இங்கிலீஷ் அல்ல. அரிசியில் கல் பொறுக்குவதுபோல ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான். ஒரு வாக்கியம் முடிந்ததும் நிறுத்தினான். மூச்சு விட்டான். அடுத்ததைச் சொன்னான். திமிங்கிலம் பற்றிய கதை. அதன் நாக்கு ஒரு யானை கனம் இருக்கும் என்றான். அம்மா உலை பொங்கி அடுப்பை அணைத்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"நம்மளுக்காவே நிறுத்தி நிறுத்திச் சொல்றான் பாருடி," என்றாள்.

எந்த நாட்டு நிலையம் என்று எனக்குத் தெரியும். அது இங்கே முக்கியமில்லை. தினமும் காலை ஆறு முதல் ஆறரை வரை, ஒரு நாளுக்கு ஒரு கதை. தேனீ ஆடிக்காட்டி வழி சொல்வது. பனிக்கட்டிக்கு அடியில் இருக்கும் ஏரி. சாம்பலில் புதைந்த ஊர். கண்டம் விட்டுக் கண்டம் போய் அதே மரத்துக்குத் திரும்பி வரும் பறவை.

அப்பா ஐந்தரைக்கு ஏரிக்குக் கிளம்புவார். ஆறு நாற்பதுக்குத் திரும்புவார். இடையில் இருந்த நேரம் எங்களுடையது. அம்மா கடுகளவு கண்மையை எடுத்து ரேடியோக் கண்ணாடியின் ஓரத்தில் அந்த நிலையம் வரும் இடத்தில் வைத்தாள். வாசலில் நின்று தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டே கேட்பது என் வேலை. ஆறரை ஆனதும் குமிழை அப்பாவின் இடத்துக்குத் திருப்பிவிட்டு, தோலுறையின் பொத்தானைப் போட்டு, மேலே ஒட்டிய அடுப்புச் சாம்பலை முந்தானையால் துடைத்து வைப்பாள். அந்தப் பொத்தான் 'டக்' என்று விழுந்த பிறகுதான் நான் வாசலை விட்டு உள்ளே வருவேன்.

பிறகு அவள் கேட்டதை அவள் சொல்வாள், நான் கேட்டதை நான் சொல்வேன். இரண்டையும் ஒட்டிப்பார்த்தால் முக்கால் கதை தேறும். கிடைத்த சொற்களை ஓர் அரைக் குயர் நோட்டில், மேலே தேதி போட்டு எழுதினோம். அந்த நோட்டைக் கரையான் தின்று வெகுகாலம் ஆகிறது. ஆனால் ஆவணி மாதத்திலேயே அம்மா என்னை முந்திவிட்டாள் என்பது நினைவிருக்கிறது. நான் தெரிந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குவேன். அவள் தெரியாத சொல்லை விட்டுவிட்டுக் கதையின் பின்னாலேயே போவாள். "போய்க்கினே இருந்தா அவனே ரெண்டாவது தபா வேற மாதிரி சொல்லுவான்டி" என்பாள். சொல்வான்.

இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்ள இருந்தோம்.

ஒன்று பால்வாடி. மதியம் குழந்தைகளைத் தூங்கவைக்க அம்மா காலையில் கேட்ட கதையைத் தமிழில் சொன்னாள். ஒரு நாள் பெரிய பண்ணை எங்கள் வாசலில் வந்து நின்றார். ஏரிப் பாசனத்தில் அதிக நிலம் அவருடையது. ரேடியோவுக்குப் பெரும்பங்கு கொடுத்தவரும் அவர்தான்.

"என் பேரன் சொல்றான், மீனு நாக்கு ஆனை கனமாம். உன் பொண்டாட்டி எங்க புடிக்கிறா இதெல்லாம்?" என்றார் அப்பாவிடம்.

"அது ஏதோ புஸ்தகத்துல படிக்கிறாங்க," என்றார் அப்பா. அவர் அதை உண்மையாகவே நம்பினார். உள்ளே அம்மா அரிவாள்மணையில் கத்தரிக்காயை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

மற்றொன்று பேட்டரி. மூன்று மாதம் வரவேண்டிய கட்டைகள் ஆவணி இருபத்தேழாம் தேதி, நாற்பதே நாளில் படுத்துவிட்டன. அப்பா அவற்றை வெயிலில் காயவைத்துப் பார்த்தார். நான்கு நாள் இழுத்தது. புரட்டாசி இரண்டு, ஞாயிற்றுக்கிழமை, என்னையும் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடை. செத்த பேட்டரி நான்கையும் மேஜையில் வரிசையாக நிறுத்தினார்.

"பழைய சரக்கைத் தலையில கட்டிட்டியே, இது நாயமா?"

கடைக்காரர் ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "சரக்கு நல்ல சரக்குதாங்க. தெனம் எவ்ளோ நேரம் பாடுது?"

"காலையில கால் மணி, சாயங்காலம் கால் மணி."

"அதுக்கு இப்டி ஆவாதுங்களே. வூட்ல யாரனா பாட்டு கேக்குறாங்களா?"

"என் வூட்டுல என்னைத் தவிர ஒருத்தரும் தொடமாட்டாங்க," என்றார் அப்பா. குரல் உயர்ந்தது. "என்னை இன்னா திருடன்னு சொல்றியா? ஊரு சொத்து அது!"

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அங்கே தொங்கிய டார்ச் லைட்டுகளை எண்ணினேன். பதினொன்று. கடைசியில் அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "வுடுங்க, இனிமே எங்கிட்ட வாங்காதீங்க" என்றார். திரும்பும் பஸ்ஸில் அப்பா, "ஏமாத்துக்காரப் பசங்க" என்று திட்டிக்கொண்டே எனக்குப் பொரிகடலை வாங்கித் தந்தார். அதை நான் தின்னாமல் பாவாடை நுனியில் முடிந்துகொண்டேன்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "இன்னும் ஒரு மாசம்," என்றாள். "பரீட்ச முடிஞ்சதும் நானே அவர்கிட்ட சொல்லிடுறேன்."

புரட்டாசி கடைசி சனிக்கிழமை. இருபத்தொன்பதாம் தேதி. பரீட்சைக்கு நடுவில் இரண்டே நாள்.

வியாழன் முதல் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு பெய்தது. ஊரிலும் தூறல் விடவில்லை. ஏரி நிறைந்து, உபரித் தண்ணீர் வழியும் கோடியில் ஒரு சாண்தான் பாக்கி. அன்று அப்பா ஐந்தரைக்குக் கிளம்பவில்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, மண்வெட்டிக்கு ஆப்பு அடித்துக்கொண்டு, வாசலிலேயே இருந்தார். ஆறு அடித்தது. ஆறேகால் ஆனது. அம்மா அடுப்பையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியாக அவர் தெருமுனை தாண்டியதும் ஓடிவந்து குமிழைத் திருப்பினாள்.

கதை பாதி தாண்டியிருந்தது. மழையில் இரைச்சல் வேறு. அணை. உடைந்தது. தண்ணீர் சுவர்போல வந்தது. மேட்டுக்கு ஓடியவர்கள் பிழைத்தார்கள். சொற்கள் ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்த சொற்கள். தெரிந்த சொல் கிடைத்த பூரிப்பில் நான் வாசல் காவலை மறந்து ரேடியோவின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அம்மா அடுப்பு அணைந்துவிட்டது என்று கொல்லைக்கு விறகு எடுக்கப் போனாள்.

பக்கத்து வீட்டு அத்தை பெருமாளுக்குப் படைக்கும் தளிகைக்கு வெல்லம் கேட்டு உள்ளே வந்தது அப்போதுதான்.

"இன்னாடி இது, இங்கிலீஸ் பேசுது? இன்னா சொல்றான்?"

மறைக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இன்றுவரை அதுதான் எனக்கு வியப்பு. ஒரு பெரியவர் என்னிடம் இங்கிலீஷுக்கு அர்த்தம் கேட்டுவிட்டார். அவ்வளவுதான் தெரிந்தது.

"டேம் ஒடஞ்சிடுச்சாம் அத்தை. தண்ணி செவுரு மாதிரி வந்துச்சாம். மேட்டுக்கு ஓடுனவங்கதான் பொழச்சாங்களாம்."

அத்தையின் கையிலிருந்த கிண்ணம் விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கவும் இல்லை. "அய்யய்யோ, டேமு ஒடஞ்சிபோச்சாம்! ரேடியோவுல சொல்றான்!" என்று கத்திக்கொண்டே தெருவில் ஓடினாள்.

அம்மா விறகோடு உள்ளே வந்தாள். குரல் கேட்டு நின்றாள். ரேடியோவில் அவன் கதையை முடித்துக்கொண்டிருந்தான். அவள் கடைசி வாக்கியங்களை முழுக்கக் கேட்டாள். விறகைக் கீழே போட்டாள். "அது எழுவது வருசத்துக்கு முன்னாடிடி," என்றாள். "இப்போ அங்க புதுசா கட்டிட்டாங்களாம். இன்னாடி சொன்ன அவகிட்ட?"

நாங்கள் வாசலுக்கு வந்தபோது தெரு வேறு தெருவாக இருந்தது. மூட்டைகள், ஆடுகள், தொட்டிலோடு ஒரு குழந்தை. கோயிலில் சேகண்டியை விடாமல் அடித்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் ஊருக்கு வடக்கே இருந்த பாறைக் கரட்டை நோக்கி மழையில் ஓடினார்கள். "அது கதை, கதை" என்று அம்மா இரண்டு பேரைப் பிடித்துச் சொன்னாள். யாரும் நிற்கவில்லை. நீர்க்கட்டி வீட்டு ரேடியோ சொல்லிவிட்டது. அதற்குமேல் என்ன வேண்டும்?

"ஆம்பளைங்கள்லாம் எங்க?"

"கோடிகிட்ட. கரைய வெட்டப் போறாங்க!"

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஏரி நிறைந்திருக்கும்போது மேலே அணையும் உடைந்து வந்தால், கரை தானாகவே உடைந்து ஊர்மேல் பாயும். அதனால் ஊருக்கு எதிர்ப்பக்கம் கோடியோரமாகக் கரையை வெட்டிவிட்டு ஏரியைக் காலியாக்குவது எங்கள் பக்கத்துப் பழைய தற்காப்பு. ஊர் தப்பும். ஆனால் அந்த வருஷத்துச் சம்பா முழுக்கப் போய்விடும். வெட்டிய கரையை அந்த மழைக்காலத்தில் மீண்டும் கட்டவும் முடியாது.

நாங்கள் போனபோது முதல் வெட்டு விழுந்திருந்தது. அப்பாவின் கையில் கடப்பாரை. பத்துப் பதினைந்து ஆட்கள், மண்வெட்டிகள். பெரிய பண்ணை குடையைப் பிடித்தபடி, "சீக்கிரம், சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெட்டாதீங்க!" என்றாள் அம்மா. மூச்சு வாங்கியது. "அணை ஒடையலீங்க. அது கதைங்க."

"எது கதை?"

"ரேடியோவுல சொன்னது. எந்த நாட்டுலயோ எப்பவோ நடந்தது. நம்ம அணை இல்லீங்க."

"உனக்கு யாரு சொன்னா?" என்றார் பெரிய பண்ணை.

அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை. "நான்தாங்க ரேடியோ போட்டேன். நானே கேட்டேன்."

"இங்கிலீஸ்லயா?"

"ஆமாங்க."

மழையிலும் ஒருவன் சிரித்தான். "மூணு தபா இங்கிலீஸ்ல பெயிலானவ சொல்றா. கேட்டுக்கோங்கடா!"

"பக்கத்து ஊரு டீக்கடையில கேட்டானாம், ஆறே முக்கால் நியூஸ்ல எதுவும் சொல்லலியாம்," என்றான் இன்னொருவன் தயக்கமாக.

"நம்மாளுங்க மறைப்பானுங்கடா. வெளிநாட்டுக்காரன்தான் மொதல்ல சொல்லுவான். வெட்டுங்க!"

பெரிய பண்ணை என் பக்கம் திரும்பினார். குடையிலிருந்து தண்ணீர் என் தோளில் சொட்டியது. "பாப்பா, நீ பள்ளிக்கூடத்துக்குப் போற புள்ள. நீ சொல்லு. டேமு ஒடஞ்சிச்சின்னு சொன்னானா, இல்லியா?"

சொன்னான்தான். அம்மா சொன்னதும் உண்மை. அது பழங்கதை என்று எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. அதைச் சொன்னால் ஊரை ஓடவிட்டது நான் என்று ஆகிவிடும்.

"சொன்னாங்க," என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அம்மா என் கையை விடவில்லை. அதை நான் மறக்கவில்லை. அவள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

அப்பா கடப்பாரையை ஊன்றியபடி நின்றார். "எத்தினி நாளா கேக்குற?" என்றார்.

"ஆடிப் பதினெட்டுலேர்ந்து."

"தெனமுமா?"

"தெனமும். அர மணி நேரம்."

எல்லாரும் அவர் அடிக்கப் போகிறார் என்று நினைத்தார்கள். நானும் நினைத்தேன். அவர் தலைச் சாக்கை எடுத்து முகத்தைத் துடைத்தார். "அந்தப் பேட்டரிக் கடைக்காரனை நான் எவ்ளோ பேச்சு பேசிட்டேன்," என்றார். பிறகு, "மண்வெட்டியக் கீழ வைங்கடா."

"பொம்பள பேச்சக் கேட்டு ஊரைக் கொல்லப் போறியா?" என்றார் பெரிய பண்ணை.

"தெனம் அர மணி நேரம் எழுவது நாளுக்கு மேல கேட்டவங்க, நம்ம யாருக்கும் தெரியாததைத்தான் சொல்றாங்க. தண்ணி வந்தா என் தலை மேல. வெட்டின எடத்துல மண் மூட்டை வைங்க."

வாய்க்கால் ஏரியில் விழும் இடத்துக்குப் போய் அப்பா ஒரு கழியை நட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கழியில் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டு. எட்டரை மணிக்கு மேற்கேயிருந்து பஸ் வந்தது. அணை சும்மா இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஏன் எல்லாரும் கரட்டின்மேல் நிற்கிறீர்கள் என்று டிரைவர் கேட்டார். ஒரு விரற்கடைகூடக் கழியில் ஏறியிருக்கவில்லை.

மதியத்துக்குள் ரேடியோ பெரிய பண்ணை வீட்டுக்குப் போய்விட்டது. தோலுறையோடு, பேட்டரியோடு. கண்மைப் புள்ளியை அழிக்க எங்களுக்கு நேரமில்லை. கரட்டில் நனைந்து ஒரு கைக்குழந்தைக்குச் சளி பிடித்துக்கொண்டது. இரண்டு ஆடுகள் காணாமல் போயின. தளிகைச் சோறு ஊர் முழுக்க வீணானது. ஞாயிற்றுக்கிழமை குழாயடியில், "டேமு டீச்சர் வராங்க, குடத்த எடுங்கடி, வெள்ளம் வரும்" என்று ஒருத்தி சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடிய அத்தைதான் அதிகமாகச் சிரித்தாள்.

ஊரை ஓடவிட்டது நான்தான் என்று அம்மா யாரிடமும் சொல்லவில்லை. என்னையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அப்பா மூன்று நாள் வீட்டில் யாருடனும் பேசவில்லை. அதை நான் கோபம் என்று எடுத்துக்கொண்டேன், அம்மாவும் அப்படித்தான். இந்த வயதில் யோசித்தால் அது கோபமாகத் தெரியவில்லை. நீர்க்கட்டி என்பவன் தண்ணீரைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவன். அவர் அன்று காதில் விழுந்ததை வைத்துக் கரையில் கடப்பாரையைப் போட்டுவிட்டார். முதல் வெட்டு அவர் போட்டது. அவமானம் அவருடையது. நாங்கள் எங்களுடையது என்று நினைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தோம்.

திங்கட்கிழமை மாலை அம்மா நோட்டை மூடினாள். "நான் போவல. நாலாவது தபாவும் பெயிலாயி இவங்க வாயில வுழணுமா?" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. நான் ஒருத்திதான் அங்கே இருந்தேன்.

செவ்வாய் விடிகாலை அப்பா எங்களை எழுப்பினார். நனைந்து வந்திருந்தார்.

"கெளம்பு. தரைப்பாலத்துல முழங்காலுக்கு மேல போவுது. இன்னும் ஒரு மணி நேரம் போனா தாண்ட முடியாது. பஸ்ஸு இந்தப் பக்கம் வராது."

அம்மா எழுந்திருக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் வராதுங்க."

"அன்னிக்கு வந்துச்சில்ல," என்றார்.

ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் உர மூட்டையின் உள்ளுறைப் பிளாஸ்டிக்கில் சுற்றித் தன் தலையில் துண்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். தரைப்பாலத்தில் செந்நிறத் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. பாலத்தின் விளிம்பு தெரியவில்லை. அவர் கழியால் தட்டித் தட்டி முன்னால் போனார். அவர் கால் வைத்த இடத்திலேயே அம்மா வைத்தாள். அம்மாவின் புடவை முடிச்சைப் பிடித்துக்கொண்டு நான். நடுவில் ஓரிடத்தில் அவர் நின்றார். கழி ஆழம் போனது. "எடப்பக்கம் வராதீங்க" என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னார். அக்கரையில் நெல் லாரி ஒன்று நின்றது. அதில் ஏறிப் பரீட்சைக்குக் கால் மணி முன்னால் போய்ச் சேர்ந்தோம்.

ஒரு மணிக்கு வெளியே வந்தாள். முட்டிவரை சேறு காய்ந்திருந்தது.

"எப்டிம்மா?"

"ஏதனா ஒரு பிராணியப் பத்திக் கட்டுரை எழுதுன்னு கேட்டான். எல்லாப் புள்ளைங்களும் பசு எழுதிச்சிங்க. நான் திமிங்கிலம் எழுதிட்டேன்டி. கடலையே நான் பார்த்தது கெடையாது. திருத்துறவன் இன்னா நெனைப்பானோ."

என்ன நினைத்தானோ, தேற்றிவிட்டான். கார்த்திகையில் மார்க் வந்தது. பாஸுக்கு வேண்டியதைவிட ஏழு மதிப்பெண் ஜாஸ்தி. வைகாசிக்கு முன்பே வேலை உத்தரவும் வந்தது. ஆனால் ஊரில் அல்ல. யாரும் போக விரும்பாத இடம் என்று புதியவர்களுக்கு ஒதுக்கும் கல்வராயன் மலைமேல் ஒரு சிற்றூர். திங்கட்கிழமை ஏறினால் சனிக்கிழமைதான் இறங்க முடியும். அந்த வருஷத்தோடு காலையில் அம்மா எழுப்பி நான் எழுவது நின்றுபோனது. அடுப்பு என் கைக்கு வந்தது. அது பற்றி எனக்கு வெகுநாள் வருத்தம் இருந்தது. இங்கிலீஷ் வந்தது, அம்மா போனாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

மாசி மூன்றாம் திங்கட்கிழமை, அவள் முதன்முறை மலைக்குப் போன நாள். கள்ளக்குறிச்சி பஸ் நிலையம். அப்பா தகரப் பெட்டியைப் பஸ்ஸின் மேல் ஏற்றிக் கயிறு கட்டிவிட்டு இறங்கினார். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பரீட்சை முடிந்ததிலிருந்து அந்தச் சனிக்கிழமை பற்றி எங்கள் வீட்டில் ஒரு பேச்சும் கிடையாது. பஸ் கிளம்பப் போகிறது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கேட்கலாமா வேண்டாமா என்பதுபோல நின்றார்.

"அந்தக் கதையில, அந்த டேமு இன்னாத்துக்கு ஒடஞ்சிதாம்?" என்றார்.

அம்மா கம்பியருகே குனிந்தாள். "தெரியலீங்க. நீங்க போனப்புறம் நான் போட்டப்போ பாதிக்கு மேல போயிடிச்சி. ஒடஞ்சதுக்கு அப்புறம்தான் கேட்டேன்."

கண்டக்டர் விசில் கொடுத்தான். அப்பா கம்பியை விடாமல் இரண்டடி கூடவே நடந்தார்.

"அன்னிக்கு நான் சீக்கிரம் கெளம்பியிருக்கணும்," என்றார்.